கொக்கிளாய் மணலும் இறப்பரின் வலிமையும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த ஊர் கொக்கிளாய். 1951ஆம் ஆண்டிற் பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற களப்பு ஒருபுறம். கரைவலை இழுப்போரின் வாடிகள் நிற்கும் கடற்கரை மறுபுறம். அக்கரையில் நடந்து செல்வோர் மணலில் இரண்டு நிறங்களைக் காண்பர். ஒன்று எங்கும் காணப்படும் வெண்மணல். மற்றொன்று, அலை பின்வாங்கிய இடங்களிற் கோடுகோடாகப் படிந்து கிடக்கும் கருமணல். இரு கைகளிலும் ஒரே அளவாக அள்ளிப் பார்த்தால், கருமணல் உள்ள கை தாழும். அம்மணல் அத்துணைப் பாரமானது.

இக்கருமணலின் பெரும்பகுதி இல்மனைற்று என்னும் கனிப்பொருள். இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனோடு கூடியது அது. அதனுடன் உரூட்டைல், சிர்க்கன் முதலிய கனிகளும் கலந்துள்ளன. உள்நாட்டின் தொன்மையான பாறைகள் சிதைந்து, ஆறுகளால் அடித்து வரப்பட்டுக் கடலிற் சேர்ந்த துகள்களை, அலைகள் நெற்புடைக்கும் சுளகு போலப் புடைத்து, பாரமானவற்றைக் கரையில் விட்டு, இலேசானவற்றை இழுத்துச் சென்றன. தெற்கே புல்மோட்டையிலிருந்து வடக்கே கொக்கிளாய் வரை நீளும் இப்படிவு, உலகின் செறிவு மிக்க கனிய மணற் படிவுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இதனைப் பயன்படுத்துவதற்கென 1957ஆம் ஆண்டில் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. புல்மோட்டையில் நீரோட்டத்தாலும் காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் பிரிக்கப்பட்ட கனிகள், பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளன.

இலங்கையிலிருந்து மூலப்பொருளாகக் கப்பலேறிய மற்றொன்று இறப்பர். 1876ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டு வித்துக்களிலிருந்து முளைத்த கன்றுகள் கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்றன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர் காடாக வளர்ந்தது. 1952ஆம் ஆண்டிற் சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் இந்நாட்டு இறப்பர் போய், அரிசி வந்தது. அந்த அரிசி எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியச் செய்தது.

வடகிழக்குக் கரையின் மணலும் தென்மேற்கு மலைச்சரிவின் இறப்பரும் தாம் பிறந்த நாட்டிற் சந்திப்பது அரிது. கடல் கடந்த தொழிற்சாலை ஒன்றிலேதான் அவை சந்திக்கின்றன. ஒரு வெள்ளைச் சப்பாத்தின் அடித்தோலில், இறப்பரின் உள்ளே வெண்மை தரும் பொருளாக இல்மனைற்றின் தைத்தானியம் இருக்கக்கூடும். அச்சப்பாத்தை இந்நாட்டவர் விலை கொடுத்து வாங்கும்போது, அவர்கள் மணலுக்கும் பாலுக்குமா விலை கொடுக்கிறார்கள்? இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிணைத்த அறிவுக்கே பெரும்பங்கு விலை போகிறது. அந்த அறிவு யாது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது.

இறப்பரின் இயல்பை முதலில் நோக்க வேண்டும். இறப்பர் என்பது மிக நீண்ட மூலக்கூறுகளின் தொகுதி. அவை சிக்குண்ட நூற்பந்து போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நீள்கின்றன, விட்டால் மீண்டும் சுருள்கின்றன. ஆனால், வெறும் இறப்பரில் இந்நூல்கள் ஒன்றோடொன்று முடியப்படாதவை. எனவே வெயிலில் அது பிசின்போல் இளகும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தக அணுக்கள் நூலுக்கு நூல் முடிச்சிடுகின்றன. கரைவலை பின்னுவோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். முடிச்சில்லாத நூற்குவியல் மீனைப் பிடிக்காது. முடிச்சிட்ட பின்னரே அது வலையாகிறது.

எனினும், வலையான இறப்பரும் எல்லா வேலைக்கும் போதிய வலிமை உடையதன்று. பாரவண்டியின் ரயர் கல்லிலும் முள்ளிலும் உராய்கிறது. செருப்பு நாள்தோறும் தேய்கிறது. நீர்ப்பம்பியின் குழாய் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. இங்கேதான் நிரப்பி என்னும் பொருள் தேவைப்படுகிறது. தொடக்கத்தில், விலை மிகுந்த இறப்பரின் அளவைக் குறைக்கவே சுண்ணாம்புத்தூளும் களிமண் தூளும் கலக்கப்பட்டன. பாலுக்குத் தண்ணீர் சேர்ப்பது போன்ற செயல் அது. ஆயின், சில தூள்கள் இறப்பரைப் பலவீனப்படுத்தாமல் பலப்படுத்துவதை அனுபவம் காட்டியது. துத்தநாக ஒட்சைட்டுச் சேர்ந்த பழைய ரயர்கள் வெளிர்நிறமாய் இருந்தன. 1904ஆம் ஆண்டளவில் இலண்டனின் சில்வர்ட்டவுன் தொழிற்சாலையில், காபன் பிளாக் என வழங்கும் நுண்கரி இறப்பரை மிகவும் வலுப்படுத்துவது கண்டறியப்பட்டது. ரயர்கள் கறுத்தது அதன் பின்னரே. இயற்கை இறப்பர் நீளும்போது தன் மூலக்கூறுகளை வரிசைப்படுத்தித் தானே ஓரளவு வலிமை பெறும். அத்தன்மை இல்லாத செயற்கை இறப்பர் வகைகளிலோ, தகுந்த நுண்கரி சேர்ந்ததும் அறுபடும் வலிமை ஏறக்குறைய 10 மடங்காக உயர்கிறது.

நுண்கரிக்கு ஒரு குறை உண்டு. அது எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். வெள்ளைச் சப்பாத்து, நிறச் செருப்பு, மருத்துவமனைப் பொருள்கள், விளையாட்டுப் பந்து ஆகியவற்றுக்கு அது உதவாது. மேலும் அது பெரும்பாலும் பெற்றோலிய எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. ஆகவே நிலத்திற் கிடைக்கும் கனிப்பொருள்களைக் கொண்டே அவ்வலிமையைப் பெற முடியாதா என்ற கேள்வி எழுந்தது. முடியும், ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது துகளின் பருமன். இரண்டாவது துகளின் மேற்பரப்பு.

பருமனின் முதன்மையை ஒரு கணக்குத் தெளிவாக்கும். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கல்லுக் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே கட்டியை, ஒரு மில்லிமீற்றரின் 10,000இல் ஒரு பங்கு பக்கமுள்ள சிறு கட்டிகளாக உடைத்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீற்றர் ஆகிவிடும். விரல்நுனியளவு கல் ஒரு வீட்டுத் தரையின் பரப்பைப் பெற்றுவிடுகிறது. இறப்பர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்வது மேற்பரப்பையே. ஆதலால் நுண்மை மிகுந்த தூளே வலிமை தரும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்கிரோன் என்பர். 10 மைக்கிரோனுக்கு மேற்பட்ட துகள் இறப்பருக்குப் பகை, ஒன்று முதல் 10 மைக்கிரோன் வரையிலானது வெறும் நிரப்பி, அதற்கும் கீழே செல்லச்செல்ல வலிமை பிறக்கிறது, 0.1 மைக்கிரோனுக்குக் கீழ்ப்பட்டதே சிறந்த வலுவூட்டி.

கொக்கிளாய்க் கரையின் மணற்பரல் ஒன்று ஏறக்குறைய நூறு மைக்கிரோனுக்கு மேற்பட்டது. அதனை அப்படியே அள்ளி இறப்பரிற் கலந்தால், ஒவ்வொரு பரலும் வெடிப்புத் தொடங்கும் வாசலாகிவிடும். சோற்றிற் கல் போல அது உள்ளேயிருந்து கேடு செய்யும். மணல் நிறைய உண்டு என்பதனால் மட்டும் இறப்பர்த் தொழில் வளர்ந்துவிடாது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது நிபந்தனை இன்னும் நுட்பமானது. சுண்ணாம்பு, களிமண், சிலிக்கா போன்ற கனிகளின் மேற்பரப்பு நீரை விரும்புவது. இறப்பரோ எண்ணெயைப் போன்று நீரை வெறுப்பது. இவை இரண்டும் இயல்பாக உறவாடா. நுண்ணிய கனித்தூளை இறப்பரில் இட்டால், துகள்கள் இறப்பரைத் தொடுவதற்குப் பதிலாக ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகின்றன. புட்டுக்கு மாக் குழைப்போர், நீரை ஒரே இடத்தில் ஊற்றினால் மாக் கட்டிபட்டுப் போவதை அறிவர். அக்கட்டிகள் உடையாமற் கிடந்தால், எத்துணை நுண்மையாக அரைத்தும் பயன் இல்லை. நுண்துகள் ஆயிரம் கூடி மீண்டும் ஒரு மணற்பரலாகிவிடுகிறது. மேலும் சிலிக்காவின் மேற்பரப்பு, முடிச்சிடுதலை விரைவுபடுத்தும் இரசாயனங்களைத் தன்பால் இழுத்துக்கொண்டு, இறப்பர் பதமாவதைத் தாமதப்படுத்தும். ஆகவே கனியின் மேற்பரப்பை மாற்றியமைப்பது அவசியமாயிற்று.

இம்மாற்றத்தின் எளிய முறை, துகளுக்கு ஒரு போர்வை போர்த்துவது. சவர்க்காரம், மெழுகுதிரி ஆகியவற்றிற் பயன்படும் ஸ்ரியரிக் அமிலத்தின் மூலக்கூறுக்கு ஒரு முனை கனியைப் பற்றும். நீண்ட வால் எண்ணெயை விரும்பும். நுண்ணிய கல்சியம் காபனேற்றுத் தூளை இவ்வமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கிளறினால், அமிலம் துகளின் மேற்புறத்தைப் போர்த்துக்கொள்ளும். நிறையில் நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு அமிலம் போதும். பூச்சு நன்றாக ஏறியதா என்பதை அறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. பூசாத தூளை நீரில் இட்டால் அமிழும். நன்கு பூசியது நனையாமல் மிதக்கும். தாமரை இலையில் நீர் ஒட்டாத தன்மை அத்தூளுக்கு வந்துவிடுகிறது. இத்தகைய தூள் இறப்பரில் எளிதாகப் பரவும், கட்டிபடாது, உருளைகளிடையே அரைக்கும் உழைப்பும் குறையும்.

எனினும், இப்போர்வை பரவுவதற்கு உதவுமேயன்றி இறுகப் பிணைக்காது. விருந்தினரை வீட்டினுள் அழைத்து வந்ததோடு அதன் வேலை முடிகிறது. உறவாக்குவதற்கு வேறொரு பொருள் வேண்டும். அதுவே இரு கைகள் உடைய இணைப்பி. சிலேன் எனப்படும் சேர்வைகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் ஒரு கை சிலிக்காவின் மேற்பரப்போடு இரசாயன முறையிற் கூடிக்கொள்ளும். மற்றொரு கையிற் கந்தகம் உண்டு. அது இறப்பர் பதமாகும்போது இறப்பர் மூலக்கூறோடு முடிச்சிட்டுக்கொள்ளும். கல்லும் இறப்பரும் ஒரே வலையின் பகுதிகளாகிவிடுகின்றன. இழுக்கும் விசை இறப்பரிலிருந்து துகளுக்கும், துகளிலிருந்து மறுபுறத்து இறப்பருக்கும் தடையின்றிச் செல்லும். வெடிப்பு ஒன்று எழுந்தாலும், அது துகளைக் கண்டு வழி மாறிக் களைத்து நிற்கும்.

இவ்வேலையிற் பதம் தவறலாகாது. சிலிக்காவின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு சிலேன் வேண்டும். கலவை 140 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே இருந்தால்தான் முதலாவது கை பற்றும். 160 பாகையைத் தாண்டினால் இரண்டாவது கை காலத்துக்கு முன்பே முடிச்சிட்டு, கலவை இயந்திரத்திலேயே இறுகிவிடும். 1992ஆம் ஆண்டிற் பிரான்சின் மிச்செலின் நிறுவனம் இம்முறையிற் செய்த பசுமை ரயர்களைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவை உருளும்போது வீணாகும் சக்தி குறைந்தது, எரிபொருளும் மிச்சமாயிற்று, ஈரமான வீதியிலும் பிடிமானம் கெடவில்லை. சிலேனைப் போன்றே தைத்தானியத்திலிருந்து செய்யப்படும் இணைப்பிகளும் 1970களிலிருந்து வழக்கில் உள்ளன. சிலேன் எளிதிற் பற்றாத சுண்ணாம்புத் தூளையும் அவை பற்றும்.

இந்த அறிவைக் கொண்டு வன்னியையும் அதன் அயலையும் நோக்கும்போது, மூன்று பொருள்கள் முன்னிற்கின்றன. முதலாவது கொக்கிளாய்க் கருமணலே. இல்மனைற்றை அமிலத்திற் கரைத்து இரும்பை நீக்கினால், தைத்தானியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடி கிடைக்கும். அதன் துகள் ஏறக்குறைய 0.2 மைக்கிரோன் அளவினது. ஒளியைச் சிதறடித்து வெண்மை தருவதில் அதற்கு நிகரானவை மிகச் சிலவே. அதுவும் பூசாமல் விற்கப்படுவது குறைவு. அலுமினா, சிலிக்கா ஆகியவற்றால் மெல்லிய மேற்பூச்சு இட்டே பெரும்பாலான தரங்கள் விற்பனைக்கு வருகின்றன. பூச்சில்லாத துகள் வெயிலில் அயலிலுள்ள இறப்பரையே சிதைக்கக்கூடும்.

இரண்டாவது மன்னார் மாவட்டத்து முருங்கன் களிமண். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலத்தில் அது கொண்டு செல்லப்பட்டது. ஏடு ஏடாக அடுக்கிய புத்தகம் போன்ற அமைப்புடைய மொந்மொரிலோனைற்று என்னும் கனி அதில் உண்டு. அவ்வேடுகளுக்கிடையே எண்ணெயை விரும்பும் அமோனியச் சேர்வைகளைப் புகுத்தினால், ஏடுகள் விலகி, இறப்பர் மூலக்கூறுகள் உள்ளே நுழைய வழி திறக்கும். அப்போது நூறு பங்கு இறப்பருக்குச் சில பங்கு களிமண்ணே வலிமையைக் கூட்டும். காற்றுக் கசிவையும் குறைக்கும்.

மூன்றாவது, ஒவ்வொரு நெல்லாலையின் பின்புறத்திலும் குவிந்து கிடக்கும் உமி. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அவ்வுமியை எரித்தால் ஏறக்குறைய 4 கிலோ சாம்பல். அச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. குட்இயர் என்னும் ரயர் நிறுவனம் உமிச்சாம்பற் சிலிக்காவைத் தன் ரயர்களிற் பயன்படுத்தப்போவதாக 2014இல் அறிவித்தது. ஆனால் அடுப்படிச் சாம்பலை அப்படியே இட்டால் போதாது. எரிக்கும் வெப்பம் 700 பாகைக்கு மேற்போனால் சிலிக்கா பளிங்காக இறுகி, இறப்பருக்கும் உதவாமல், அதனைச் சுவாசிப்போரின் நுரையீரலுக்கும் தீங்காகும். இங்கும் பொருளைவிடப் பதமே முதன்மை பெறுகிறது. 1952இல் இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாட்டில், அந்த அரிசியின் உமியே இறப்பருக்கு உரமேற்றக்கூடும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அண்டை நாட்டின் அனுபவமும் கருதத்தக்கது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் இதே கருமணல் அகழப்படுகிறது. அதே மாவட்டத்தின் கீரிப்பாறை மலைச்சரிவில் இறப்பர்த் தோட்டங்கள் உள்ளன. அதற்கு வடக்கே திருவனந்தபுரத்தில் 1946ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தைத்தானியத் தொழிற்சாலை, இல்மனைற்றிலிருந்து வெண்பொடி செய்து வந்துள்ளது. மணலை மணலாகவே அனுப்பாமல் பொடியாக்கி விற்றால் ஊருக்குத் தொழில் உண்டு என்பதை அது காட்டியது. அமிலக் கழிவைக் கடலில் விட்டால் கரைவாழ் மக்களின் குறைகூறலுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் அதுவே காட்டியது. இரண்டு பாடங்களும் ஒன்றாகவே கற்கப்பட வேண்டியவை.

கொக்கிளாய்க்கு இவ்விரண்டாவது பாடம் மிக அணித்தானது. 1984ஆம் ஆண்டில் அவ்வூரார் தம் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த பின்னரே, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் கழித்து, அவர்கள் மீளத் தொடங்கினர். திரும்பி வந்தோரின் கண்முன்னே நிலம், கரைவலைப்பாடு, களப்பு ஆகியவையே வாழ்வுக்கு ஆதாரமாக இருந்தன. கனிய மணல் அகழ்வு தமது கரையையும் காணியையும் தொழிலையும் அரித்துவிடும் என்ற அச்சத்தால் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். இவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கரையில் மேடாகக் கிடக்கும் மணல், கடல் ஊருக்குள் புகாமற் காக்கும் வேலியுமாகும். அதனை அகற்றுவோர், எவ்வளவு அகற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும், அகற்றிய இடம் எப்படி நிரம்பும் என்ற கேள்விகளுக்கு ஊராரின் முன்னிலையில் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

இங்கேதான் மேற்பரப்பை மாற்றும் அறிவு, வெறும் இரசாயனப் பாடமாக நில்லாமற் பொருளாதாரப் பாடமாகிறது. மணலை மணலாக விற்போர், வருவாயைப் பெருக்க வேண்டுமானால் மேலும் மேலும் மணலையே அள்ள வேண்டும். கரை குறைந்துகொண்டே போகும். தூளாக்கி, பதப்படுத்தி, பூச்சிட்டு, இறப்பரோடு பிணைத்து விற்போரோ, குறைந்த மணலிலிருந்து கூடிய பயனைப் பெறலாம். பொருளின் விலை நிறையில் இல்லை, நேர்த்தியில் இருக்கிறது. உமியும் களிமண்ணும் கரையைத் தொடாமலே கிடைப்பவை என்பதும் மறக்கத்தக்கதன்று.

இதற்கு வேண்டிய அடித்தளம் இந்நாட்டில் இல்லாமலில்லை. அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையம் நீண்ட கால அனுபவம் உடையது. பாரந்தூக்கி வண்டிகளுக்குரிய திண்ம ரயர்களைச் செய்வதில் இலங்கைத் தொழிற்சாலைகள் உலகளவிற் பெயர் பெற்றவை. வடக்கிலும் கிழக்கிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஒரு சிறு ஆய்வுகூடத்தில் இரட்டை உருளை அரைப்பொறி, அச்சழுத்தி, இழுத்து அறுக்கும் சோதனைக் கருவி, தேய்வை அளக்கும் உருளை ஆகியன இருந்தால், எந்தத் தூள், எந்தப் பூச்சு, எத்தனை பங்கு என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்து அறியலாம். நெல்லாலை உமியை ஆராயும் மாணவனும், இறப்பர்த் தோட்டத்துப் பாலை ஆராயும் மாணவியும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்தால், வடகிழக்கும் தென்மேற்கும் அந்நிய நாட்டுத் தொழிற்சாலையிற் சந்திக்க வேண்டிய தேவை குறையும்.

கல்லையும் இறப்பரையும் அருகருகே வைத்ததனால் மட்டும் வலிமை வந்துவிடாது என்று இரசாயனம் கூறுகிறது. இரண்டையும் பற்றும் ஒரு கை இடையிலே வேண்டும். அக்கை மிக மெல்லியது, கண்ணுக்குப் புலப்படாதது, நூற்றுக்குச் சில பங்கே ஆனது. ஆயினும், ரயர் நிற்பதும் அறுபடுவதும் அதனைப் பொறுத்தது. கொக்கிளாயின் கருமணல் நாட்டுக்குச் செல்வமாவதும், ஊருக்கு இழப்பாவதும், அத்தகைய ஓர் இணைப்பு அறிவுக்கும் மக்களுக்கும் இடையே அமைவதைப் பொறுத்ததே.